மும்பையில் நோயாளிக்குத் துணை நிற்கும் ஊழியம்: ஒப்புக்கொண்டதை முடிப்பது எப்படி?

பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையாகிய டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பல குடும்பங்களின் கையில் மூன்று பொருள்கள் இருக்கும்: துணி அடைத்த ஒரு பை, ஸ்கேன் படங்கள் உள்ள பெரிய உறை, மும்பையில் இருக்கும் யாரோ ஒருவரின் தொலைபேசி எண். அந்த யாரோ ஒருவர், ஊர் ஆயருக்குத் தெரிந்த மும்பை ஆயருடைய சபையைச் சேர்ந்தவராக இருப்பார். நீங்கள் வேலைக்காக இங்கே புதிதாக வந்து ஒரு தமிழ்ச் சபையில் சேர்ந்திருந்தால், இன்னும் சில மாதங்களில் அந்த எண் உங்களுடையதாக இருக்கலாம்.

என்னிடம் அப்படித்தான் வந்தது. சயானில் குடியேறிய மூன்றாம் மாதம், ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆயர் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாய்ப்புற்றுநோய்க்கு ஒருவர் வருகிறார், மகள் மட்டும் துணை, இருவருக்கும் இந்தி தெரியாது, கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே, "செய்கிறேன் ஐயா" என்றேன். மூன்று முறை கூடப் போனேன். பிறகு அலுவலகத்தில் வேலை கூடியது. ஒருநாள் மாலை கைபேசியில் பதினொரு தவறிய அழைப்புகள். திருப்பி அழைக்க வெட்கம். வெட்கம் ஒரு வாரமானது, வாரம் மாதமானது. ஊருக்குக் கிளம்பும் முன் அந்த மகள் ஆயர் வீட்டுக்கு வந்திருந்தார். முதல் நாள் மழையில் நான் கொடுத்த குடையைத் திருப்பிக் கொடுப்பதற்காக.

மத்தேயு 21இல் இரண்டு மகன்கள் வருகிறார்கள் அல்லவா? போகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போகாதவன் அதில் ஒருவன். அந்த "ஐயா" எனக்குப் புதிதாகக் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு நான்கு குடும்பங்களோடு கடைசிவரை போயிருக்கிறேன். என்னென்ன தெரியாமல் முதல்முறை பாதியில் நின்றேனோ அவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஆவிக்குரிய அறிவுரையைவிட நகல் எடுப்பதைப் பற்றி அதிகம் இருக்கும். முதல்முறை எனக்கு ஜெபத்தில் குறை இருக்கவில்லை, நாட்காட்டியில்தான் குறை இருந்தது.

1. "சரி" என்று சொல்வதற்கு முன் காலத்தைக் கேளுங்கள்

கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14இல் இயேசு சொல்கிறார். இந்த ஊழியத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது நாட்களை.

கரண்டு வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 முதல் 7 வாரம் போகும். கீமோ பல நோய்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை. ஆறு சுற்று என்றால் நான்கு மாதம் தாண்டும், ரத்த அணுக்கள் குறைந்தால் தேதி தள்ளிப்போகும். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று வருடம். அறுவை சிகிச்சை மட்டும்தான் என்றாலும், அதற்கு முன்னால் பரிசோதனைகளுக்கே சில வாரங்கள் ஆகும்.

இதில் உங்களால் எவ்வளவு முடியும் என்று ஆயரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "பதிவு செய்வதிலிருந்து சிகிச்சைத் திட்டம் கையில் கிடைக்கும் வரை நான், அதன் பிறகு வேறொருவர்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முடிவு தெரிந்த வேலையைத்தான் முடிக்க முடியும். "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது வேலையே அல்ல. அதற்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. அதை ஒப்புக்கொண்டதுதான் நான் செய்த முதல் தவறு. இப்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதி ஆயரிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்கிறோம்.

திருமணமானவர் என்றால் மனைவியோ கணவரோ அந்த இரண்டு வரியைப் படித்துச் சம்மதிக்க வேண்டும். வீட்டில் கேட்காமல் ஒப்புக்கொண்ட ஊழியம் இரண்டாம் மாதம் வீட்டுச் சண்டையாகத் திரும்பி வரும்.

2. சபையில் முடிக்க வேண்டியது

இது சிறிய வேலை. சொந்த ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதமும் ஞானஸ்நானச் சான்றிதழின் நகலும் வாங்கி இங்கே அங்கத்தினராகச் சேர்ந்துவிடுங்கள். சபையின் உதவி நிதியிலிருந்து நோயாளிக்கு ஏதாவது வாங்கித்தர வேண்டும் என்றால், பரிந்துரைக்கிறவர் அங்கத்தினரா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்பது நியாயமும்தான். ஆயரின் அறிமுகக் கடிதத்தை மருத்துவமனையில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வரிசையைத் தாண்டப் பார்க்காதீர்கள்.

இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். பெண் நோயாளி என்றால் அந்த இரண்டாமவர் பெண்ணாக இருப்பது அவசியம்.

3. அவர்கள் ரயில் ஏறும் முன் தொலைபேசியில் சொல்ல வேண்டியவை

முழு வழிகாட்டியையும் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். இங்கே ஒரு தாள் குறைந்தால் பத்து நாள் போகும்.

முதலில் பயாப்சி. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதை எடுத்துப் பரிசோதித்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். பிளாக் என்பது சிறிய மெழுகுக் கட்டி போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பெரிய மருத்துவமனைகள் வெளியே செய்த பயாப்சியைத் தங்கள் கண்ணால் மறுபடி பார்த்த பிறகுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். நான் துணை போன இரண்டாவது குடும்பத்தில் பிளாக் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே இருந்தது. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. கூரியரில் வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அறை வாடகை ஓடிக்கொண்டிருந்தது. மெழுகு என்பதால் வெயில் படும் இடத்தில் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்கேன். படத்தோடு குறுந்தகடும் வேண்டும். ஏற்கெனவே ஊரில் அறுவை சிகிச்சையோ கீமோவோ நடந்திருந்தால், என்ன மருந்து எத்தனை முறை கொடுத்தார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கம் வேண்டும். "ஏதோ ஊசி போட்டார்கள்" என்ற பதிலை வைத்துக்கொண்டு இங்கே எந்த டாக்டரும் அடுத்த ஊசியைத் தீர்மானிக்க முடியாது.

பிறகு அடையாளத் தாள்கள்: நோயாளிக்கும் துணைக்கும் ஆதார், குடும்ப அட்டை, வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆளுக்குப் பத்து பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாவற்றிலும் ஐந்து நகல். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோ ஆயுஷ்மான் பாரத் அட்டையோ இருந்தால் அசலையே கொண்டுவர வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்கு வழி உண்டு. உங்கள் நோயாளிக்கு அது இங்கே எப்படிச் செல்லும் என்பதை மருத்துவமனையில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் தொலைபேசியில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வருமானச் சான்றிதழை மும்பைக்கு வந்த பிறகு ஊரில் எடுக்கச் சொல்வது கொடுமை. மனு கொடுத்தவரையே விசாரிக்க வேண்டும் என்பார்கள், அவரோ இங்கே வரிசையில் நிற்பார்.

ஆதாரில் ஒரு பெயர், பயாப்சி ரிப்போர்ட்டில் இன்னொரு பெயர் என்பது நம்மவர்களுக்கு வழக்கமான சிக்கல். ஞானஸ்நானப் பெயர் ஒரு தாளில், வீட்டுப் பெயர் ஒரு தாளில், அப்பா பெயர் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். எல்லாத் தாளின் படத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லி நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ரிப்போர்ட்டில் எழுத்துப்பிழை இருந்தால், அதை ஊரில் இருக்கும்போதே திருத்தி வாங்குவது அரை நாள் வேலை.

கடைசியாக ஒன்று. இரண்டாவது துணை வர முடியுமா என்று கேளுங்கள். ஒருவர் வரிசையில் நிற்கும்போது நோயாளியோடு உட்கார ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் நீங்கள்தான்.

4. வந்து இறங்கும் நாள்

எந்த நிலையத்தில் இறங்குகிறார்கள் என்பதை டிக்கெட்டின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். "குர்லாவில் இறங்குகிறோம்" என்பார்கள். குர்லா உள்ளூர் ரயில் நிலையம் வேறு, லோக்மான்ய திலக் டெர்மினஸ் வேறு. நான் முதலாவதில் நின்றேன், அவர்கள் இரண்டாவதில் நின்றார்கள், ஒரு மணி நேரம்.

புதிதாக வந்த உங்களுக்கும் இது தெரிந்திருக்காது: ஆட்டோக்கள் சயானையும் மாகிமையும் தாண்டித் தெற்கே போக அனுமதி இல்லை. தாராவியிலோ சயானிலோ தங்கவைத்துவிட்டு ஆட்டோவில் பரேலுக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள். டாக்சிதான். 2025 பிப்ரவரி முதல் டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26 ரூபாய். மீட்டர் போடச் சொல்லுங்கள். நோயாளி நடக்கக்கூடியவர் என்றால் சயானிலிருந்து ஸ்லோ ரயிலில் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். டிக்கெட் 5 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம், மருத்துவமனை அட்டை கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பயணம் என்றால் முந்தின நாளே மெகா பிளாக் அறிவிப்பைப் பாருங்கள்; தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயில்களை நிறுத்துவதற்கு அந்தப் பெயர்.

தங்கும் இடம்தான் பெரிய தலைவலி. தாதரில் உள்ள சந்த் காட்கே மகாராஜ் தர்மசாலையில் புற்றுநோயாளிகள் தங்குகிறார்கள். பாந்திராவில் மருத்துவமனையின் சொந்தத் தங்கும் இல்லமாகிய டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் நினைவு இல்லம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் சேர மருத்துவமனைப் பதிவும் கடிதமும் கேட்பார்கள். அதாவது முதல் சில இரவுகளுக்கு வேறு வழி வேண்டும். நான் கேட்டுப் பார்த்த விடுதிகளில் சிறிய அறைக்கும் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. ஐந்து இரவுக்கான பணத்தைத் தனியாக முடிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலேயே தங்கவைக்கலாமா? பத்துக்குப் பத்து அறையில் மனைவி, குழந்தை, மாமியாரோடு இருக்கும் நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு அழைத்துவிடாதீர்கள். மூன்று நாள் என்று அழைத்து நாற்பதாவது நாள் முகம் சுளிப்பதைவிட, முதல் நாளே "இடம் இல்லை, ஆனால் தேடித் தருகிறேன்" என்பது மேல்.

5. மருத்துவமனையில் முதல் இரண்டு வாரம்

வேலை எல்லாம் வார நாட்களில்தான் நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து போய்க்கொள்ளலாம் என்று நினைத்தால், போய் ஜெபித்துவிட்டுத்தான் வர முடியும். எனவே விடுப்புக் கணக்கை இப்போதே போடுங்கள். என் அனுபவத்தில் பதிவு செய்யும் நாள், முதல் டாக்டரைப் பார்க்கும் நாள், எல்லாப் பரிசோதனையும் முடிந்து திட்டம் சொல்லும் நாள் ஆகிய மூன்றுக்கும் முழு நாள் விடுப்பு வேண்டும். மற்ற நாட்களுக்குக் காலை இரண்டு மணி நேரம் போதும்.

பதிவு செய்யும்போது பொதுப் பிரிவா தனியார் பிரிவா என்று கேட்பார்கள். கட்டண வித்தியாசம் பெரிது. "தனியாரில் போட்டால் சீக்கிரம் நடக்கும்" என்று வரிசையில் நிற்கும் யாராவது சொல்வார்கள். ஆறு மாதச் செலவைத் தாங்க முடியுமா என்று குடும்பமே முடிவு செய்யட்டும். நீங்கள் மொழிபெயர்ப்பாளர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே நாளில் மருத்துவ சமூகசேவைப் பிரிவு எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிதி உதவி, தங்குமிடம், உணவு, ரயில் சலுகை எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வாசல். பணம் தீர்ந்த பிறகு அங்கே போகிறவர்கள்தான் அதிகம். முதல் வாரத்திலேயே போங்கள்.

மொழிபெயர்க்கும்போது கவனம். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். மூன்றாவது குடும்பத்தின் தாயாரிடம், நோய் பரவியிருக்கிறது என்பதை "கொஞ்சம் பரவலாக இருக்கிறதாம்" என்று மழுப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, டாக்டர் இவ்வளவு நேரம் பேசினார். நீ இவ்வளவு சின்னதாகச் சொல்கிறாயே?" என்றார். கீழ்ப்படிதல் என்றால் எனக்கு அன்று அந்த ஒரு வாக்கியத்தை ஒழுங்காகத் திருப்பிச் சொல்வதுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நோயாளியிடமே கொடுங்கள். ஃபைல் எண், டாக்டர் பிரிவு, அடுத்த தேதி, எங்கே போக வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுங்கள். "நாளை காலை 8, தரைத்தளம், ரத்தம் கொடுக்கும் இடம், சாப்பிடாமல் போக வேண்டும்" என்று. நீங்கள் வராத நாளில் அந்த நோட்டு உங்களுக்குப் பதிலாகப் போகும்.

6. பணம்

நோயாளியின் பணத்தைக் கையில் வாங்காதீர்கள். கட்ட வேண்டிய இடத்தில் அவர்களையே கட்டச் சொல்லி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி நோயாளியின் படத்தோடு செய்தி பரப்பவே பரப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் தொடங்குவது, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சில் முடியும். சபை கொடுப்பதானால் சபைக் கணக்கிலிருந்து, பொருளாளர் கையெழுத்தோடு போகட்டும். வருமான வரிச் சலுகைக்கான பதிவு உள்ள அமைப்புக்கு நன்கொடை கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் சபைக் கணக்குக்கு அனுப்ப ஆசைப்பட்டால் நிறுத்துங்கள். அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், பதிவு இல்லாத சபை வாங்கக்கூடாது.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு மனு கொடுக்க மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்று வேண்டும். பணம் நோயாளியின் கையில் வராது, மருத்துவமனைக்கே போகும். எனவே கடன் வாங்கிக் கட்டிய பிறகு யோசிக்காமல் மதிப்பீடு கிடைத்த அன்றே மனு எழுதுங்கள்.

உங்கள் சொந்தச் செலவும் இருக்கிறது. எனக்கு நகல், தேநீர், டாக்சி, தொலைபேசி எல்லாம் சேர்த்து மாதம் 600 முதல் 800 ரூபாய் ஆனது. உள்ளூர் ரயிலில் குறைந்தபட்ச மாதப் பாஸ் 100 ரூபாய்தான், அதை வாங்கிவிட்டால் "இன்றைக்குப் போக வேண்டுமா" என்ற கேள்வி மனத்தில் எழுவது குறையும்.

7. ரத்தம் கொடுப்பவர்களை ஒரே நாளில் கூட்டாதீர்கள்

வாலிபர் கூடுகையில் அறிவிப்புக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர் ஒரே சனிக்கிழமை வந்து நின்றார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் அணுக்கள் 5 நாள்தான் கெடாமல் இருக்கும். அடுத்த வாரம் தேவைப்பட்டபோது முழு ரத்தம் கொடுத்தவர்களை மறுபடி கூப்பிட முடியவில்லை. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும்.

பெயர்ப் பட்டியல் எடுங்கள், வாரத்துக்கு இரண்டு பேர் என்று பிரியுங்கள், அழைத்தால் மட்டும் வரச் சொல்லுங்கள். வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிளேட்லெட் மட்டும் பிரித்தெடுப்பதற்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும்; அதற்கு முந்தைய 3 நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது.

8. ஜெபம், பிரசங்கம்

கேட்டால் ஜெபியுங்கள், கேட்காவிட்டால் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுங்கள். அடுத்த படுக்கைக்காரரிடம் துண்டுப்பிரதி நீட்டாதீர்கள். அவர் வலியில் படுத்திருக்கிறார், எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது நியாயம் அல்ல. "விசுவாசம் இருந்தால் கீமோ எதற்கு?" என்று தொலைபேசியில் சொல்லும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நான்காவது சுற்றில் முடி கொட்டி, வாய் புண்ணாகி, சோறு இறங்காமல் இருக்கும்போது அந்தக் குரல் இனிக்கும். அப்போது வாதாட வேண்டாம். டாக்டரிடம் கேட்காமல் ஒரு சுற்றும் விடக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

9. ஆறாவது வாரம்

நான் ஓடிப்போன இடம் இது. என்னைப் போல ஓடியவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். எல்லோருக்கும் ஏறக்குறைய இதே வாரம்தான்.

முதல் வாரம் எல்லாமே புதிது. உங்களால் ஏதோ நடக்கிறது என்று தெரியும். சபையில் விசாரிப்பார்கள். ஆறாவது வாரம் ஒன்றும் நடக்காது. தினமும் அதே கரண்டு, அதே பெஞ்சு, அதே கஞ்சி. நோயாளி எரிந்து விழுவார். சபையில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் வேறு நல்ல வேலை ஒன்று வரும். எனக்குக் கிறிஸ்துமஸ் பாடகர் குழு வந்தது. பதினொரு தவறிய அழைப்புகள் வந்த அந்த மாலையில் நான் அலுவலகத்தில் இருந்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் பலரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். பாட்டுப் பயிற்சியில் இருந்தேன். கீழ்ப்படியாமல் மிச்சம் வைத்த ஆடுகளைப் பலியிடத்தான் வைத்தேன் என்று சவுல் சாமுவேலிடம் சொன்ன பதிலும் என் பதிலும் ஒரே ஜாதி. ஆடுகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தன.

இப்போது நான் செய்கிற ஏற்பாடு இது. செவ்வாய், வெள்ளி இரவு 8 மணிக்கு அழைப்பு, சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். வாரத்தில் ஒருநாள் நேரில், கால் மணி நேரமாவது. ஒரு முறை தவறினால் அன்று இரவுக்குள் "இன்று வர முடியவில்லை, வியாழன் வருகிறேன்" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், ஒரு வரி போதும். நம்மை ஓடவைப்பது தவறிய நாள் அல்ல, அதற்குப் பிறகு வளரும் வெட்கம். ஒப்புக்கொண்ட வேலை முடியும் வரை புதிதாக எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை என்று ஆயரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை.

உண்மையிலேயே தொடர முடியாமல் போகலாம். வேலை மாற்றம் வரலாம், உங்களுக்கே உடம்பு முடியாமல் போகலாம். அப்போது காணாமல் போகாதீர்கள், ஒப்படையுங்கள். அடுத்தவரை நேரில் கூட்டிக்கொண்டு போய் நோயாளியிடம் அறிமுகம் செய்யுங்கள். நோட்டு, தேதிகள், ரத்தம் கொடுப்போர் பட்டியல், பாதியில் இருக்கும் மனுக்கள் எல்லாவற்றையும் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாரம் சேர்ந்தே போங்கள். மோசே யோர்தானைக் கடக்கவில்லை. யோசுவாவின் மேல் கை வைத்துவிட்டுத்தான் நின்றார்.

ஏற்கெனவே ஓடியவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பவுலை விட்டுப் பம்பிலியாவிலிருந்து திரும்பிப்போன மாற்குவைப் பின்னாளில் பவுலே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்தத் தொலைபேசி அழைப்பைத் திருப்பி அழையுங்கள். நான் அழைத்தேன், ஒன்பது மாதம் கழித்து. அந்த மகள், "அண்ணன், சாப்பிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்பா ஊரில் நன்றாக இருக்கிறார் என்றார். கரண்டு வைக்கும் இடத்துக்குத் தினமும் கூட வந்தது, பக்கத்து அறையில் தங்கியிருந்த பீகார்ப் பையனாம்.

10. முடிக்கும் விதம்

ஊருக்குப் போகும் தேதி தெரிந்தவுடன் ரயில் சலுகைச் சான்றிதழை மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 100 சதவீதச் சலுகை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இந்த டிக்கெட்டை இணையத்தில் எடுக்க முடியாது, முன்பதிவு அலுவலகத்துக்கே போக வேண்டும். தட்கலில் சலுகை இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால் நாகர்கோவில், திருநெல்வேலி ரயில்களில் இடம் சீக்கிரம் தீரும். மே மாதமும் கிறிஸ்துமஸ் சமயமும் சொல்லவே வேண்டாம். சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படம் எடுத்து நோயாளிக்கும் அவர் வீட்டில் படித்த ஒருவருக்கும் அனுப்புங்கள். ஊரில் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். மறுபரிசோதனைத் தேதியை நோட்டின் அட்டையில் எழுதுங்கள்.

சில பயணங்கள் ரயிலில் முடிவதில்லை. நான்கில் ஒன்று அப்படி முடிந்தது. அப்போதும் வேலை மிச்சம் இருக்கிறது. மரணக் காரணச் சான்றை மருத்துவமனையில் வாங்குங்கள், பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று அழுகைக்கு நடுவிலும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழில் பல பிரதிகள் வாங்குங்கள், ஊரில் வங்கி, காப்பீடு, பட்டா எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் உடலைப் பதப்படுத்திய சான்றிதழ் வேண்டும். இங்கேயே அடக்கம் என்றால் ஆயருக்கு உடனே தகவல் போக வேண்டும், கல்லறை அனுமதிக்கு அவர் கடிதம் தேவைப்படும். அந்த வீட்டுக்கு அடக்கம் முடிந்த பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் அழையுங்கள். முதல் வாரம் எல்லோரும் அழைப்பார்கள்.

பிறகு ஆயரிடம் உள்ள அந்த இரண்டு வரித் தாளில் முடிந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சில நாள் ஓய்வெடுங்கள். அடுத்த குடும்பத்தின் எண் அதற்குள் வந்திருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

மறுபரிசோதனைக்கு வரும்போது கருப்பட்டியும் முறுக்கும் கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொன்னால் வருந்துவார்கள். உறையில் பணம் வைத்துக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். கருப்பட்டியை மும்பை மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் இளகிவிடும்.